மிதித்தால்தான் கழிவு

முதலாளி சுப்பராயனின் செங்கல் சூளையில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்ததல்ல. ஆனால் எழுதி வைத்த பல சட்டங்களைவிட அதற்கு மரியாதை அதிகம். ஒருத்தி அறுத்துப் போட்ட, இன்னும் சுடாத பச்சைக்கல் சரியில்லை என்று மேஸ்திரி வாயால் சொன்னால் செல்லாது. அவள் கண்ணெதிரில் அதைத் தன் காலால் மிதித்து நசுக்க வேண்டும். அப்போதுதான் அது கழிவு. மிதிபட்ட மண்ணை அவள் அங்கேயே தண்ணீர் விட்டுப் பிசைந்து, அதே அச்சில் அடித்து, அதே இடத்தில் திரும்ப வைப்பாள். மேஸ்திரி மறுபடியும் மிதிக்கலாம், தடையில்லை. ஆனால் ஈர மண்ணை மிதித்தவன் கால் கழுவாமல் அடுத்த வரிசைக்குப் போகக் கூடாது, அங்கிருக்கும் நல்ல கல்லெல்லாம் கெட்டுவிடும். கேணியோ தொலைவு. அதனால் மேஸ்திரி சுப்பன் ஒரு நாளில் இரண்டு கல்லுக்கு மேல் மிதித்ததாகச் சரித்திரம் இல்லை.

எண்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் கிளாரா இந்தச் சட்டத்தைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனாள்.

கிளாராவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. வல்லக்கோட்டை ரோட்டை ஒட்டிய சவேரியார் குப்பத்தில் ஓலைக்கூரை வீடு. புருஷன் யாகப்பன் அதே சூளையில் கல் அடுக்கித் தீ வைக்கிறவன். ஒரே மகன் லூர்துராஜ் பட்டாளத்தில் இருந்தான். பட்டாளம் என்றால் வடக்கே பனிமலையில் நிற்பது என்றுதான் கிளாரா நினைத்திருந்தாள். போன வருஷம் ஆடியில் அவனை இலங்கைக்கு அனுப்பினார்கள். அமைதி காக்கப் போகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. ஐப்பசியில் அங்கே சண்டை மூண்டுவிட்டது.

உடன் வேலை செய்யும் மரகதத்தின் மகன் ஏகாம்பரமும் லூர்துராஜும் ஒரே பஸ்ஸில் ஏறிப்போய் ஒரே நாளில் ஆளெடுப்பில் நின்றவர்கள். கார்த்திகையில் சுங்குவார்சத்திரம் தபால் ஆபீஸிலிருந்து மரகதத்துக்குத் தந்தி வந்தது. அவள் அச்சும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். படித்துச் சொன்னவள் கிளாரா. ஐந்தாவது வரை கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள், சூளைப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மரகதம் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கைமண் அதில் ஒட்டிக் காய்ந்தது. இன்று வரைக்கும் அவள் அதைத் துடைக்கவில்லை.

பங்குனிக் கடைசியில் லூர்துராஜின் கடிதம் வந்தது. யாகப்பன் அடுப்படியில் குந்தியிருக்க, கிளாரா படித்தாள்.

"அம்மா, நாங்க போற ஊர்ல ஆளே இல்ல. எல்லாம் ஓடிட்டாங்க. ஒரு வூட்டுக்குள்ள போனேன். அடுப்புல சோறு கொதிச்சிகினு கீது. எறக்கறதுக்கு ஆள் இல்ல. நான்தான் எறக்கி வச்சேன். நம்ம வூட்டு அடுப்பு மாதிரியே மண்ணடுப்பு. அந்தச் சோத்த யாரு வந்து துன்னாங்களோ தெரியல. எனக்கு இப்பல்லாம் சோறே பிடிக்கல."

"இன்னொரு தபா படி," என்றான் யாகப்பன். மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பு வேட்டியில் சொருகிக்கொண்டு சூளைக்குத் தீப் பார்க்கப் போய்விட்டான்.

மறுநாள் உச்சி வெயிலில் பெண்கள் புளியமரத்தடியில் கூழ்த் தூக்கைத் திறந்தார்கள். கேழ்வரகுக் கூழ், தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடும் பச்சை வெங்காயமும். கிளாரா கூழைக் கரைத்தபடியே இருந்தாள், குடிக்கவில்லை.

"சோத்த அடுப்புல வுட்டுட்டு ஓடறான்னா, அவ எவ்ளோ பயந்திருப்பா மரகதம்," என்றாள். "அவளுக்கு என் புள்ளையப் பாத்துத்தானே பயம்? என் புள்ளைக்கு அவ புள்ளையப் பாத்து பயம். இதுல யாருக்கு இன்னா அமைதி?"

"என்ன இன்னாத்துக்குக் கேக்கற. எனுக்குத்தான் எல்லாம் முடிஞ்சி போச்சே."

"அந்தத் தந்தி வந்த ஆபீசு கீதே, சத்திரத்துல. நம்ம எல்லாம் நடந்து போயி, சண்டை வேணாம்னு அங்கியே பதில் குடுத்தா இன்னா?"

"யாருக்கு?"

"டெல்லில பட்டாளத்துக்குன்னு ஒரு மந்திரி கீறாராம். அவருக்கு."

கருவாட்டைக் கடித்துக்கொண்டிருந்த சுந்தராம்பாள் சிரித்தாள். "ஆமா, நீ சொன்ன ஒடனே நிறுத்திட்டுத்தான் மறுவேல பாப்பாரு."

"நிறுத்தறாரோ இல்லியோ. வேணாம்னு நம்ம சொல்லாத வரிக்கும் நம்ம சம்மதிச்சதாத்தானே கணக்கு? நான் சம்மதிக்கல. அத நான் சொல்லணும். நாலு பேரு பாக்க, நடு ரோட்டுல நடந்து போயி சொல்லணும்."

மரகதம் தூக்கை மூடினாள். "தலைக்கு மேல வெள்ளம் போனப்பறம் சாண் இன்னா, மொழம் இன்னா. நான் வரேன்."

ஒருத்தி வருகிறேன் என்றதும் மற்றவர்கள் வரத்தானே செய்வார்கள். அதுவும் பிள்ளையைக் கொடுத்தவளே வரும்போது, நான் வரவில்லை என்று எவள் வாயால் சொல்வாள்? சந்தை நாளான செவ்வாய் சூளைக்கு விடுமுறை. அடுத்த செவ்வாய் போவது என்று முடிவானது. முப்பத்தாறு பேர்.

ஊர்வலத்துக்கு அனுமதி கேட்டு மனு எழுத கிளாரா ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாள். தாலுகா ஆபீஸ் எதிரில் வேப்பமரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த பாஷ்யம், கோயில் கைங்கரியக் குடும்பத்தவர், முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நெலம் பத்தி எழுதியிருக்கேன், பாகப்பிரிவினை எழுதியிருக்கேன். யுத்தம் வேண்டாம்னு யாரும் எங்கிட்ட வந்து எழுதிக்கலே. சொல்லும்மா, கையில என்ன கொண்டு போவேள்?"

"இன்னா கொண்டு போவோம், வெறுங்கைதான் சாமி."

"அது போறும். பத்தொன்பதாம் ஷரத்துன்னு ஒண்ணு இருக்கு. ஆயுதம் இல்லாம, அமைதியாக் கூடறதுக்கு ஜனங்களுக்கு உரிமை உண்டுன்னு அதுல எழுதியிருக்கா. செங்கல் சூளைக்காராளுக்கு மட்டும் கிடையாதுன்னு எங்கேயும் எழுதலே. நான் படிச்சுப் பார்த்துட்டேன்." பேனாவை மையில் தோய்த்தார். "ஆனா இப்போ கவர்னர் ஆட்சி. இன்ஸ்பெக்டர் முடியாதுன்னுதான் சொல்லுவன். சொன்னா, அதையே எழுதிக் குடுங்கோன்னு கேளு. எழுதிக் குடுத்தா வக்கீலா இருக்கிற என் மருமான் அதை ஹைகோர்ட்டுக்கு எடுத்துண்டு போவன். அதுக்குப் பயந்துண்டு இன்ஸ்பெக்டர் எழுத மாட்டான்."

"எழுதலன்னா?"

பாஷ்யம் கோபுரம் இருந்த பக்கமாகக் கையைக் காட்டினார். "எங்க ஊர்ல பொறந்தவர் ஒருத்தர், வெளியில சொல்லப்படாதுன்னதைக் கோபுரத்து மேலே ஏறி நின்னுண்டு ஊருக்கே சொன்னார். அவர் யார்கிட்டேயும் பர்மிஷன் வாங்கினதா நான் கேள்விப்படலே."

சத்திரம் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கன் கெட்ட மனிதர் அல்ல. உட்காரச் சொன்னார், மனுவை முழுக்கப் படித்தார். பிறகு அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

"இதெல்லாம் வேணாம்மா. உன் பையன் மிலிட்டரில இருக்கான். நீயே மிலிட்டரிக்கு எதிரா ஊர்வலம் போனா அவனுக்குத்தானே கஷ்டம்? அவன் ஆபீசருக்கு ஒரு ரிப்போர்ட் போச்சுன்னா என்ன ஆகும்?"

"மிலிட்டரிக்கு எதிரா இல்ல சார். சண்டைக்கு எதிரா. சண்டை நின்னா மிலிட்டரிக்காரன்தானே மொதல்ல வூட்டுக்கு வருவான்?"

"பேச நல்லாத்தான் இருக்கு. கும்பல் கூடினா நாளைக்கு எவனாவது நடுவுல பூந்து கலாட்டா பண்ணுவான். பர்மிஷன் கிடையாது. கொடி, தட்டி, பேனர் எதுவும் கூடாது. போ."

"வாயால சொன்னா செல்லாது சார்."

"என்னது?"

கிளாரா சூளைச் சட்டத்தைச் சொன்னாள். மேஸ்திரி, மிதி, கழிவு எல்லாம் விளக்கமாகச் சொன்னாள். மூலையில் நின்ற ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். "எங்குளுக்கு நீங்க மிதிக்க வேணாம். எழுதிக் குடுங்க, போதும். ஏன் வேணாம்னு காரணம் போட்டு எழுதிக் குடுங்க. நான் போயிடறேன்."

எழுதித் தரவில்லை. மறுநாளும் போனாள். காலையில் இரண்டு மணி நேரம் கல் அறுத்துவிட்டு, கூழ்த் தூக்கோடு போய் ஸ்டேஷன் வாசல் புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாளும் அப்படியே. போகிற வருகிறவர்கள் என்ன கேஸ் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவள் அலுக்காமல் சொன்னாள். நோட்டீஸ் அடிக்காமலே செவ்வாய்க்கிழமை ஊர்வலச் சேதி நாலு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் புண்ணியம் இன்ஸ்பெக்டரைச் சேரும்.

வெளியில் போட்ட சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டில்தான் அவளுக்குப் பெரிய சண்டை காத்திருந்தது.

"இன்னாமே நெனச்சிகினு கீற," என்றான் யாகப்பன். "ஸ்டேஷன் வாசல்ல குந்தினு கீறியாமே. உன் புள்ள சோத்துல நீயே மண்ண அள்ளிப் போடறியே, பெத்தவதானா நீ?"

"அவன் சோத்துல மண்ணு வுழுந்தா வுழட்டும்யா. வேற சோறு ஆக்கிப் போடலாம். அவன் வாயில மண்ணு வுழக் கூடாது. அதான் எனுக்கு வேணும்."

"வேலய வுட்டுத் தூக்கிட்டான்னா? ஜெயில்ல போட்டான்னா? பட்டாளத்துச் சட்டம் உனுக்குத் தெரியுமா?"

"மரகதம் புள்ள எந்தச் சட்டத்த மீறினான்? சொன்ன எடத்துல நின்னான். சொன்ன எடத்துக்குப் போனான். இன்னா ஆனான்?"

பதில் இல்லாத ஆண்பிள்ளைகள் செய்வதையே யாகப்பனும் செய்தான். பேச்சை நிறுத்திவிட்டான். சோறு போட்டால் தின்றான், போடாவிட்டால் தானே போட்டுக்கொண்டான். ஆனால் இடுப்பிலிருந்த கடிதத்தை மட்டும் எடுத்து வைக்கவில்லை. வியர்வையில் அதன் மடிப்புகள் நைந்து போயின. அவன் கோழையல்ல. இருபது வருஷமாக நெருப்போடு புழங்குகிறவன். பிள்ளை விஷயத்தில்தான் அவன் பயந்தான். கிளாராவுக்கு அது தெரியும், தெரிந்தும் கோபம் ஆறவில்லை.

சனிக்கிழமை பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். வயதானவர், இரக்கமுள்ளவர்.

"எதுக்கு மகளே வம்பு? அந்தோணியார் சப்பரத்த எடுத்துக்கங்க. செபமாலை சொல்லிகிட்டே சத்திரம் வரைக்கும் போயிட்டு வாங்க. சாமி ஊர்வலத்துக்கு யாரும் பர்மிஷன் கேக்க மாட்டாங்க. மனசுக்குள்ள நீங்க எதுக்காக வேண்டிக்கிட்டாலும் ஆண்டவருக்குத் தெரியும்."

நல்ல யோசனைதான். மற்ற எவளாக இருந்தாலும் சாமியாரின் கையை முத்தமிட்டுவிட்டு எழுந்திருப்பாள். கிளாரா அந்தோணியார் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்டவருக்குத் தெரியும் சாமி. மந்திரிக்குத்தான் தெரியாது," என்றாள். "அந்தோணியாரு போகணும்னா அவரு தனியாப் போவட்டும், எல்லாரும் கும்புடுவாங்க. நாங்க எங்க பேருல போறோம். ஒளிஞ்சிகினு போனா, தப்பு செய்யறோம்னு நாங்களே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும். அதில்லாம மரகதத்துக்குச் செபமாலை தெரியாது."

சாமியார் சிலுவை வரைந்து அனுப்பினார். ஞாயிறு பூசையில் "பயணம் போகிறவர்களுக்காக" என்று ஒரு மன்றாட்டு சேர்த்துக்கொண்டார். யார் பயணம், எங்கே என்று சொல்லவில்லை.

தட்டி எழுதுகிற ஆள் மாட்டேன் என்றுவிட்டான். அச்சகத்துக்காரர் ஸ்டேஷனில் கேட்டுவிட்டு வா என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் பெண்கள் மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுல எழுதறது? கொடியும் கூடாது, துணியும் கூடாது," என்றாள் சுந்தராம்பாள்.

"நம்மகிட்ட மண்ணு கீதே," என்றாள் மரகதம்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆளுக்கொரு கல் அறுத்தார்கள். சொந்தக் கல் என்பதால் மண்ணைச் சலித்து, சின்னக் கப்பிக்கல் கூட இல்லாமல் பிசைந்தார்கள். ஒவ்வொரு கல்லின் மேலும் அறுத்தவள் தன் உள்ளங்கையை அழுத்தினாள். அதுதான் கையெழுத்து. கிளாரா தென்னை ஈர்க்கால் ஒவ்வொன்றிலும் "சண்டை வேணாம்" என்று கீறினாள். மேஸ்திரி சுப்பன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். ஒன்றைக்கூட மிதிக்கவில்லை. "ஈரமாக் கீது, பதமாத் தூக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. இரண்டு இரண்டு பேராக, ரோட்டின் இடது ஓரமாக, தலையில் சும்மாடு, அதன்மேல் பலகை, பலகையில் பச்சைக்கல். கோஷம் கிடையாது. ஈரக் கல்லைச் சுமந்துகொண்டு கத்தினால் கல் விரிசல் விடும். யாகப்பன் திரும்பிப் படுத்திருந்தான். "போயிட்டு வரேன்யா," என்று கிளாரா சொன்னதற்கு உம் என்றுகூடச் சொல்லவில்லை.

சத்திரத்துக்கு ஒரு மைல் முன்னால், சிறுபாலத்துக்கு இந்தப் பக்கம், இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கனும் எட்டுப் போலீஸும் லத்தியோடு குறுக்கே நின்றார்கள்.

"கல்லத் தூக்கிகிட்டு வர்றீங்க, இதுதான் அமைதியா?"

"பச்சக்கல்லு சார்," என்றாள் கிளாரா. "எறிஞ்சா காக்கா கூட பறக்காது."

"திரும்பிப் போங்க எல்லாரும். இல்லன்னா லாரில ஏத்துவேன்."

கிளாரா பலகையை இறக்கினாள். தன் கல்லை இரண்டு கையாலும் எடுத்து இன்ஸ்பெக்டரின் பூட்ஸுக்கு முன்னால் தார் ரோட்டில் வைத்தாள். பக்கத்தில் மரகதம் வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை முப்பத்தாறு கல், முப்பத்தாறு கை.

"எழுதியும் தரல. வேணாம்னா மிதிங்க சார். நாங்க பாக்கறோம்."

போலீஸ்காரர்கள் குனிந்து பார்த்தார்கள். மரகதத்தின் கல்லுக்கு எதிரில் நின்ற பையன் மெல்ல ஒரு அடி பின்னால் போனான். "நவுராதய்யா," என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர். பின்னால் காஞ்சிபுரம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஜனங்கள் இறங்கி வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் மானம் போகிறதே என்ற எரிச்சலில் பாண்டுரங்கன் காலைத் தூக்கிக் கிளாராவின் கல்லை மிதித்தார். ஈரக் கல், பொத்தென்று அமுங்கியது. உள்ளங்கை இருந்த இடத்தில் பூட்ஸ் பதிந்தது.

கிளாரா சம்மணம் போட்டு ரோட்டில் உட்கார்ந்தாள். நசுங்கிய மண்ணை வழித்து ஒன்றாகச் சேர்த்தாள். அப்போதுதான் அவளுக்குத் தான் செய்த தப்பு உறைத்தது. அச்சும் கொண்டு வரவில்லை, தண்ணீரும் இல்லை. முப்பது வருஷம் கல் அறுத்தவள், அச்சில்லாமல் கிளம்பி வந்திருக்கிறாள். அதுவரை கலங்காத கண் அப்போது கலங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யாரோ வந்து அவள் பக்கத்தில் குந்தினார்கள். ஒரு கையில் அச்சு, ஒரு கையில் மண்தோண்டி நிறையத் தண்ணீர். நாலு மைல் ஓடிவந்த மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"கழிச்சா திரும்ப அறுக்கணும்னு தெரியாதா உனுக்கு," என்றான் யாகப்பன். "அச்சு இல்லாம எங்கமே கெளம்பின?"

ஐந்து நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அது. அவன் தண்ணீரை ஊற்றினான், அவள் பிசைந்தாள். அச்சில் அடித்து, மேலே வழித்து, அச்சைத் தூக்கினாள். கல் கூர் மழுங்காமல் நின்றது. கையை அழுத்தினாள். கீறுவதற்கு ஈர்க்கில்லை, விரல் நகத்தால் எழுதினாள். பழைய இடத்திலேயே வைத்தாள்.

இன்ஸ்பெக்டரின் கால் மறுபடியும் உயர்ந்தது.

"சார்," என்றான் யாகப்பன் குந்தியபடியே, மெதுவாக, மரியாதையாக. "மிதிங்க, பரவால்ல. நாங்க சாயங்காலம் வரிக்கும் அறுப்போம். ஆனா கேணி தூரம் சார் இங்க. கால் கழுவ எடமில்ல."

பஸ் ஜனங்களில் யாரோ சிரித்தார்கள். பாண்டுரங்கன் தன் பூட்ஸைப் பார்த்தார். செம்மண் கணுக்கால் வரை அப்பியிருந்தது. தூக்கிய காலைக் கல்லுக்கு இந்தப் பக்கமாகவே கீழே வைத்தார். யாரையும் பார்க்காமல், "பஸ்ஸுக்கு வழி விடுங்கய்யா," என்றார்.

போலீஸ் விலகியது. பெண்கள் கல்லை எடுத்துப் பலகையில் வைத்துக்கொண்டு பஸ் பின்னாலேயே நடந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்ப ஏறவில்லை. அவர்களும் நடந்தார்கள்.

தபால் ஆபீஸ் வாசல் படியில் கல்லை வரிசையாக வைத்தார்கள். கிளாரா மரகதத்தின் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் கவுண்டரில் வைத்தாள். யாகப்பன் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் கொடுத்தான். மரகதம் கோணி ஊசியால் கல்லைத் துண்டில் வைத்துத் தைத்தாள். தந்தியில் ஒட்டியிருந்த அதே மண்தான் அந்தக் கல்லிலும் இருந்தது. விலாசத்தைக் கிளாரா எழுதினாள். பட்டாள மந்திரி, டெல்லி.

போஸ்ட்மாஸ்டர் பார்சலைத் தொட்டுப் பார்த்தார். "பச்சக்கல்லும்மா இது. டெல்லி போறதுக்குள்ள ஒடஞ்சிடும். வழியில ஒடஞ்சா நாங்க பொறுப்பில்ல."

"வழியில ஒடஞ்சா அது கழிவு இல்ல சார்," என்றாள் கிளாரா. "எங்க சொல்லு வேணாம்னா, வேணாம்னு சொல்றவரு இங்க வரணும். மரகதம் கண்ணெதிர்ல மிதிக்கணும்."

போஸ்ட்மாஸ்டர் மரகதத்தைப் பார்த்தார். தந்தியை அன்றைக்குத் தமிழில் எழுதி அனுப்பியவர் அவர்தான். அரக்கை உருக்கித் தையலின் மேல் விட்டு, முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினார்.